அளக்கிற வேலைக்கா போறே பாப்பா?

அந்த வேலைக்குப் போகாதே பாப்பா. பெரியவன் சொல்றேன், கேட்டா கேளு. கேக்காட்டி உங்கப்பன் மாதிரி பட்டுத் தெரிஞ்சுக்க.

கடலோரத்துல ஒரு கூடமாம். வாரத்துக்கு ஒரு தடவை கண்ணாடிக் குடுவையில காத்தைப் பிடிக்கணுமாம். அதுல கரியமிலவாயு எத்தனை, மீத்தேன் எத்தனைன்னு மெஷின்ல பாத்து எழுதணுமாம். அடுத்த வாரமும் அதே. அடுத்த வருஷமும் அதே. உனக்குத் தலை நரைச்சாலும் அதே. இதுக்கா அத்தனை புஸ்தகத்தைக் கரைச்சுக் குடிச்சே? உன்கூடப் படிச்ச மேலத்தெருப் பொண்ணு பேங்குல உக்காந்து ஏ.சி. காத்து வாங்குது. நீ வெறுங்காத்தை அளக்கப் போறேங்கிறே. நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவன், "பொண்ணு என்ன வேலை பாக்குது?"ன்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல? "காத்து வாங்குது"ன்னா சொல்ல முடியும்?

"எனக்கே கொஞ்சம் போரடிக்குமோன்னு இருக்கு தாத்தா"ன்னு முந்தாநேத்து நீயே இழுத்தே. அப்ப நான் வாயைத் திறக்கல, உங்க பாட்டி பக்கத்துல இருந்தா. இப்ப அவ கோயிலுக்குப் போயிட்டா. கேளு.

போரடிக்கும். சந்தேகமே வேண்டாம். வாய்க்கால் மதகுல லஸ்கரா இருந்து, கேஜ் கல்லுல தண்ணி எத்தனை அடி நிக்குதுன்னு பாத்துப் பாத்து ரிஜிஸ்டர்ல எழுதினவன் சொல்றேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தண்ணி வந்தா வந்த அளவு எழுதணும். வராட்டி வரலைன்னு எழுதணும். அது ஒரு வேலைன்னே எவனும் ஒத்துக்க மாட்டான். "கரையில குந்தியிருக்கிறதுக்குக் கவர்ன்மென்ட்டு சம்பளம்"னு சிரிப்பானுங்க. அந்தச் சிரிப்பு உனக்கும் உண்டு, இப்பவே பழகிக்க.

நீ மெச்சிக்கிறியே, கீலிங்கு, சார்லஸ் டேவிட் கீலிங்கு, அவர் கதையையே எடுத்துக்க. 1955ல கலிஃபோர்னியாக் காட்டுக்குள்ள கூடாரம் போட்டு, ராத்திரி பூரா சில மணிக்கொருதரம் எந்திரிச்சுக் குடுவையில காத்துப் பிடிச்சிருக்கார். பொண்டாட்டி பிள்ளை இருக்கிறவன் செய்யிற காரியமா அது? அதுக்கு முந்தி அளந்தவங்க ஊருக்கு ஒரு கணக்கு சொல்லிட்டிருந்தாங்க. இவர் பாத்தது என்னன்னா, ராத்திரியில மரமும் மண்ணும் விடுற மூச்சுல கணக்கு ஏறுது. மத்தியானத்துல காத்து மேலையும் கீழையும் நல்லாக் கலந்ததும், எந்தக் காட்டுல பிடிச்சாலும் பத்து லட்சத்துக்கு 310 பங்கு கிட்டயே வந்து நிக்குது. தூங்காம இருந்ததுக்குக் கூலி அந்த ஒரு நம்பர்.

அதோட விட்டாரா? 1958 மார்ச்சுல ஹவாய்த் தீவுல மௌனா லோவா எரிமலை மேல, 3,397 மீட்டர் உசரத்துல ஆளை அனுப்பி மெஷினை வைக்க வச்சார். அளக்கிறது புகையை, உக்கார்றது எரிமலை மேல! நான் அன்னிக்கே உன்னைக் கேட்டேன், "எரிமலை தானே புகை விடுமேடி, அது கணக்கைக் கெடுக்காதா?"ன்னு. கெடுக்கும்னு சொன்னே. ராத்திரியில மலைக்காத்து கீழ இறங்குறப்போ எரிமலை வாயையும் ஒரு நக்கு நக்கிட்டு வருமாம். அப்ப முள்ளு தாறுமாறா ஆடுமாம். அந்த நேரத்துக் கணக்கைத் தனியா ஒதுக்கி வச்சுட்டு, காத்து நிதானமா அடிக்கிற நேரத்துக் கணக்கை மட்டும் எடுத்துக்குவாங்களாம். சுத்தி மரம் மட்டை கிடையாது, பாறைதான். அதைத் தாண்டினா பசிபிக் பெருங்கடல். அப்பத்தான் எனக்கு அந்த மனுஷன் மேல ஒரு மரியாதை வந்துச்சு. எதை எழுதணும்னு எல்லாருக்கும் தெரியும். எதை எழுதக்கூடாது, ஏன் எழுதக்கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் கேஜ் பாக்க லாயக்கு.

முதல் கணக்கு 313. மே வரைக்கும் கொஞ்சம் ஏறுச்சு. அப்புறம் இறங்க ஆரம்பிச்சிடுச்சு. நடுவுல கரண்டு வேற போச்சு. மனுஷன் ஆடிப்போயிட்டார், நம்ம மெஷின்தான் சரியில்லையோன்னு. நம்ம ஆளுங்களா இருந்தா அங்கயே அளவைக் கொஞ்சம் "சரி பண்ணி" எழுதிட்டு வீட்டுக்குப் போயிருப்பானுங்க. இவர் பல்லைக் கடிச்சிட்டு அடுத்த வருஷமும் எழுதினார். அதே மே மாசம் உச்சம், அதே செப்டம்பர், அக்டோபர்ல அடி. உலகத்தோட வடக்குப் பாதியில மரம் செடியெல்லாம் துளிர்த்து இலை விடுறப்போ காத்துல இருக்கிற கரியமிலவாயுவை இழுத்துக்குது. இலை உதிர்ந்து மக்குறப்போ திருப்பிக் கொடுத்துடுது. வருஷா வருஷம் நடக்கிற அந்தக் கொடுக்கல் வாங்கல் அவர் தாள்ல பல்லுப் பல்லா விழுந்துச்சு. ஆனா கொடுக்கல் வாங்கல் நேராகல. ஒவ்வொரு மே மாசமும் முந்தின மேயைவிட ஒரு படி மேல நின்னுச்சு. ஒரு வருஷத்தோட நிறுத்தியிருந்தா இதுல ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.

சரி, இவ்வளவு செஞ்சவருக்கு என்ன செஞ்சாங்க? 1964ல காசை வெட்டினாங்க. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மூணு மாசம் மலை மேல மெஷின் ஓடல. அவர் கோட்டுல இன்னிக்கும் அந்த இடம் வெள்ளையாக் கிடக்கு. இப்ப எத்தனை கோடியைக் கொண்டாந்து கொட்டினாலும் 1964 மார்ச் மாசத்துக் காத்தை அந்த மலை மேல பிடிக்க முடியுமா சொல்லு? அதுக்கப்புறம் இன்னொரு கூத்து. பணம் கொடுக்கிற ஆபீஸ்ல, "நீங்க பண்றது தினப்படி வேலை, இதுல ஆராய்ச்சி எங்க இருக்கு?"ன்னு கேட்டுட்டு, வருஷத்துக்கு ரெண்டு கண்டுபிடிப்பு உறுதியாத் தரணும்னு சொன்னாங்களாம். எனக்கு அதைக் கேட்டதும் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துடுச்சு. எங்க எஞ்சினியர் வந்து, "ஏம்ப்பா லஸ்கர், நீயும் இத்தனை நாளா கேஜ் பாக்கிறே, வருஷத்துக்கு ரெண்டு வெள்ளமாவது காட்டக்கூடாதா?"ன்னு கேட்டிருந்தா நான் எந்த ஆத்துல போய் விழுவேன்?

இன்னொரு கஷ்டமும் இருக்கு பாப்பா, அது உன் குணத்துக்கே ஒத்து வராது. குடுவையைத் திறக்கிறப்போ மூச்சு விடக்கூடாதாமே. காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பி, மூச்சை இழுத்து அடக்கிக்கிட்டு, சில அடி முன்னால நடந்து, அப்புறம் திறக்கணும், மூடணும். நாம விடுற மூச்சுல பத்து லட்சத்துக்கு 40,000 பங்கு கரியமிலவாயு இருக்குன்னு நீதான் சொன்னே. ஒரு தும்மல் தும்மினே, உலகக் கணக்கு போச்சு. பேசாம அரை நிமிஷம் நீ இருந்து இந்த வீட்ல யாரும் பாத்ததில்லை. உன்னை நம்பி எப்படிக் குடுவையைக் கொடுக்கிறாங்களோ!

குடுவையாவது பரவாயில்லை. அளவுகோலையே அளக்கணுங்கிறீங்களே, அது என்ன பைத்தியக்காரத்தனம்? அமெரிக்காவுல போல்டர்னு ஒரு ஊர்ல மலைக்காத்தைச் சிலிண்டர்ல அடைச்சு, இதுல இத்தனை பங்குன்னு நிர்ணயம் பண்ணி, அந்தச் சிலிண்டரை உலகம் பூரா அனுப்புறாங்க. உன் மெஷின் அந்தச் சிலிண்டர்க் காத்தைக் குடிச்சு, அங்க எழுதின அதே நம்பரைச் சொல்லணும். பத்து லட்சத்துல ஒரு பங்கைப் பத்தாக் கூறு போட்டு, அதுல ஒரு கூறுக்கு மேல தப்பினா வடக்குப் பாதியில ஒத்துக்க மாட்டாங்களாம். போதாததுக்கு, மௌனா லோவாவுல ஒரே மலை மேல ரெண்டு பார்ட்டி. கீலிங்கோட ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்க ஒண்ணு. 1974ல இருந்து நோவாங்கிற அரசாங்க ஆளுங்க ஒண்ணு. மெஷின் வேற, கணக்கு வேற. வீண் செலவுன்னு நானும் மொதல்ல நெனச்சேன். அப்புறம் நம்ம பெரியப்பன் பாகம் பிரிச்ச கதை ஞாபகம் வந்துச்சு. ரெண்டு பேரு தனித்தனியா எண்ணி ஒரே தொகை சொன்னாத்தான் பஞ்சாயத்துல வாயடைக்கும்.

இருந்தாலும் ஒரு சுவாரஸ்யம் இருக்குன்னு ஒத்துக்கறேன். திருடனைப் பிடிக்கிறது. ராத்திரியில எவனாவது மேல ஷட்டரைத் தூக்கி அவன் வயலுக்குத் தண்ணி விட்டுக்கிட்டா, எங்க கேஜ்ல காலையில அரை அடி கொறஞ்சிருக்கும். நான் போய்ப் பாக்க வேண்டியதில்லை, எந்த மதகுன்னு ரிஜிஸ்டரே காட்டிக் கொடுத்துடும். அந்த மாதிரி சங்கதி உங்க பக்கமும் ஒண்ணு நடந்துச்சே, சி.எஃப்.சி.-11. ஃபிரிட்ஜுக்கும் நுரைப் பலகைக்கும் போட்ட வாயு. காத்தையும் சூடாக்கும். ஓசோனைத் திங்குதுன்னு 1987ல மான்ட்ரியல்ல கையெழுத்துப் போட்டு, 2010லேர்ந்து உலகத்துல ஒருத்தனும் தயாரிக்கக்கூடாதுன்னு ஆச்சு. காத்துல இருந்த இருப்பும் வருஷா வருஷம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. 2012க்கு அப்புறம் பாத்தா, கொறையுது, ஆனா கொறைய வேண்டிய வேகத்துல இல்லை. பாதி வேகம்தான். மான்ட்ஸ்காங்கிற ஆளும் அவர் கூட்டாளிங்களும் 2018ல எழுதிப் போட்டாங்க: யாரோ புதுசாத் தயாரிக்கிறான், கிழக்கு ஆசியாப் பக்கம்னு. அடுத்த வருஷமே, தென்கொரியாவுல ஜேஜு தீவுல இருக்கிற கோசன், ஜப்பான்ல ஹதேருமா தீவு, இந்த ரெண்டு இடத்துக் கணக்கையும், காத்து எந்தத் திசையிலிருந்து வந்துச்சுங்கிறதையும் வச்சு, கிழக்கு சீனாவுல ஷான்டோங், ஹெபெய் மாகாணப் பக்கம்னு விரலை நீட்டிட்டாங்க. கூச்சல் கிளம்புச்சு. அப்புறம் பாத்தா அளவு மறுபடி ஒழுங்கா இறங்குது. தீவுல உக்காந்து சலிச்சுக்கிட்டே கணக்கு எழுதினவன் கடல் தாண்டி இருக்கிற பட்டறையை மூட வச்சிருக்கான். எனக்கு ஒரு லஸ்கரா இது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனா உனக்கு அந்த மாதிரித் திருடன் அமைவான்னு சொல்ல முடியாது. வேலை முடிஞ்சு ரிடையர் ஆகிற வரைக்கும் ஒருத்தனும் மாட்டாமலே போகலாம்.

ஆஸ்திரேலியாக்காரன் இன்னும் விவரம். தாஸ்மேனியாவுல கேப் கிரிம்னு ஒரு முனை. 1976லேர்ந்து அங்க அளக்கிறாங்க. அளந்தது போக, 1978லேர்ந்து காத்தையே சிலிண்டர்ல அடைச்சுச் சேத்து வச்சிருக்காங்க. நம்ம வீட்ல உங்க பாட்டி பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக்கூடத் தூக்கிப் போட விடாம வச்சிருக்கா, அவளைக் கிண்டல் பண்றோம். அந்தப் பழைய காத்தைப் பிரிச்சுப் பாத்தவங்க, காத்துல இருக்குன்னு அதுவரைக்கும் யாருமே கண்டுபிடிக்காத வாயு நாலு அகப்பட்டுச்சுன்னு 2014ல எழுதினாங்க. அடைச்ச அன்னிக்கு அதைத் தேடணும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியாததுக்காகவும் சேத்து வைக்கிறதுன்னா அதுக்கு ஒரு தனி மனசு வேணும். உனக்கு இருக்கான்னு பாத்துக்க, நீ போன மாசத்து மின்சார பில்லையே தொலைச்சவ.

மீத்தேன் கதையில மட்டும் எனக்குக் கொஞ்சம் கோவம். 1983லேர்ந்து உலகம் பூரா அதையும் கணக்கெடுக்கிறாங்க. 1999லேர்ந்து 2006 வரைக்கும் ஏறாம அப்படியே நின்னுச்சு. எல்லாரும் அப்பாடான்னு உக்காந்தாங்க. 2007ல மறுபடி கிளம்பினது இன்னும் நிக்கல. எங்கேர்ந்து வருதுன்னு அந்த மீத்தேன்ல இருக்கிற கரியோட எடையைப் பாத்தாங்க. எடை கம்மியான கரி கூடிக்கிட்டு வருது. அப்படின்னா நுண்ணுயிர் வேலை. சதுப்பு நிலம், குப்பை மேடு, தண்ணி கட்டின நெல்லு வயல், அசை போடுற மாடுன்னு பட்டியல் வாசிச்சே. வாசிக்கிறப்போ ஓரக்கண்ணால நம்ம லட்சுமியைப் பாத்தே. நான் கவனிச்சேன். லட்சுமி ஏப்பம் விடுறது உண்மை. ஆனா எண்ணெய்க் கிணத்துலயும் நிலக்கரிச் சுரங்கத்துலயும் கசியிறதையும் அதே மூச்சுல சொல்லணும். மாடு வாய் பேசாதுங்கிறதுக்காக எல்லாப் பழியையும் அது தலையில கட்டக்கூடாது.

நம்ம பக்கமே இந்த வேலை நடந்திருக்குன்னு நீ சொன்னப்போ எனக்கு ஆச்சரியம்தான். பிரெஞ்சுக்காரங்களோட சேந்து, லடாக்குல ஹன்லே, அந்தமான்ல போர்ட் பிளேர், மூணாவதா நம்ம புதுச்சேரிக் கடற்கரையிலயும் குடுவையில காத்துப் பிடிச்சிருக்காங்க. தென்மேற்குப் பருவத்துல, நம்ம ஆனி ஆடியில, மீத்தேன் கம்மி. பூமத்திய ரேகைக்கு அந்தாண்ட இருக்கிற கடல் காத்து வருதாம், அது சுத்தக் காத்தாம். ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குக் காத்து திரும்பினதும் ஏறிடுது, அது நிலத்து மேல ஊர் ஊரா மோந்துக்கிட்டு வர்ற காத்து. ஆடிக்காத்து வந்தா கூரை போகும்னுதான் எனக்குத் தெரியும். அது ஆயிரக்கணக்கான மைலு தாண்டி நல்ல காத்தையும் கொண்டாந்து கொட்டுதுன்னு ஒரு கண்ணாடிக் குடுவை சொல்லித்தான் தெரிஞ்சுது.

ஆனா பாப்பா, இதையெல்லாம் கேட்டுட்டு நீ பெரிய அதிகாரின்னு நெனச்சுக்காதே. அளக்கிறவன் கையில ஒண்ணும் கிடையாது. ஷட்டர் சாவி எப்பவும் வேற ஒருத்தர்கிட்டதான் இருக்கும். நான் "தண்ணி ஏறுது, ஏறுது"ன்னு எழுதி அனுப்புவேன். மேல உக்காந்திருக்கிறவர் டீ குடிச்சு முடிச்சுட்டுத்தான் பாப்பார். இங்கயும் பாரு. ஆலைக்கெல்லாம் நிலக்கரி வர்றதுக்கு முந்தி கரியமிலவாயு 280 கிட்ட இருந்துச்சு. பனிக்கட்டிக்குள்ள சிக்கின பழங்காத்தைப் பிரிச்சுப் பாத்தா, எட்டு லட்சம் வருஷத்துல ஒரு காலத்துலயும் 300ஐ சுத்தமாத் தாண்டிப் போய் நின்னதில்லை. 1958ல 313. உலகத்துப் பெரிய மனுஷங்க வருஷா வருஷம் கூடி மாநாடு நடத்த ஆரம்பிச்சது 1995, அப்ப 360 சொச்சம். 2013 மே மாசம் ஒரு நாள் 400ஐத் தொட்டுச்சு, பேப்பர்ல எல்லாம் போட்டாங்க. 2025 மே மாசக் கணக்கு 430ஐத் தாண்டிடுச்சு, யாரு பாத்தா? மாநாட்டு எண்ணிக்கையும் ஏறுது, இதுவும் ஏறுது, எது முந்தும்னு பந்தயம் கட்டலாம். 2020ல ஊரடங்குல காரெல்லாம் நின்னு வானம் நீலமாத் தெரிஞ்சப்போ, "இந்த வருஷம் கோடு இறங்குமா?"ன்னு உன்னைக் கேட்டேன். இறங்கலை. புகை விடுறதுல நூத்துக்கு அஞ்சாறு பங்குதான் கொறஞ்சுச்சு. மிச்சம் தொண்ணூத்தி சொச்சமும் வழக்கம்போல மேல போச்சே. கடலும் காடும் பாதியை வாங்கிக்குது, மீதி அங்கயே தங்கிடுது. 2024ல ஒரே வருஷத்துல மூணரைப் பங்கு கூடிச்சு. அளக்க ஆரம்பிச்சதுலேர்ந்து அவ்வளவு கூடினதே இல்லை.

"ஏறுறதுக்குக் காரணம் கரியும் பெட்ரோலும்தான்னு எப்படித் தெரியும், எரிமலையா இருக்கக் கூடாதா?"ன்னு டீக்கடையில நம்ம ராமசாமி கேட்டான்ல, அதுக்கு நீ சொன்ன பதிலை நானே இப்ப நாலு பேருக்குச் சொல்லிட்டிருக்கேன். எதையாவது எரிச்சா ஆக்சிஜன் செலவாகணும். கீலிங்கு மகன் ரால்ஃப் கீலிங்கு 1989லேர்ந்து அதையும் அளக்கிறார். ஆக்சிஜன் இம்மி இம்மியாக் கொறைஞ்சிட்டே வருது. எரிமலைப் புகையா இருந்தா அது கொறைய வேண்டிய அவசியமே இல்லை. ராமசாமி வாயடைச்சுப் போய் டீக்குக் காசு கொடுத்தான். அது உலக அதிசயம்.

2022 நவம்பர்ல அந்த மௌனா லோவா மலை நிஜமாவே பொங்குச்சு. கங்குக் குழம்பு வந்து ரோட்டையும் கரண்டுக் கம்பியையும் அறுத்துப் போட்டுச்சு. அப்பவும் என்ன பண்ணினாங்க? பக்கத்துல இருக்கிற மௌனா கேயா மலைக்கு மெஷினைத் தூக்கிட்டுப் போய், அங்க உக்காந்து எழுதினாங்க. மறு வருஷம் மார்ச்சுலேர்ந்து சோலார்ல கொஞ்சம் கொஞ்சமாப் பழைய இடத்துலயே ஆரம்பிச்சாங்க. நெருப்பு பண்ண முடியாததை அப்புறம் பேனா பண்ணப் பாத்துச்சு. 2025ல அமெரிக்க அரசாங்கம் 2026க்குப் போட்ட பட்ஜெட் யோசனையில அந்த மலைக் கூடத்துக்கே காசு வைக்கல. எங்க ஊர்லயும் ஒரு வார்டு மெம்பர் இருந்தார். ஒவ்வொரு ஐப்பசியும் வெள்ள அளவு கேட்டு அதிகாரிங்க வந்து கழுத்தறுக்கிறாங்கன்னு, "அந்த கேஜ் கல்லைப் பிடுங்கிப் போட்டா என்ன?"ன்னு கேட்டார். அவர் யோசனை இத்தனை வருஷம் கழிச்சு வாஷிங்டன் வரைக்கும் போய்ச் சேந்திருக்கு, ஊருக்குப் பெருமைதான்.

இவ்வளவு சொல்லியும் பெட்டியைக் கட்டிக்கிட்டுதான் இருக்கே. உங்க பாட்டி பிடிவாதம். சரி போ, தொழில் தெரிஞ்சவன் ரெண்டு வார்த்தை சொல்றேன். கணக்கை அன்னன்னிக்கு எழுது, ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒரு வாரத்தைச் சேத்து எழுதாதே. பேனாவுல எழுது, அழிச்சா அடிச்சுட்டுப் பக்கத்துல எழுது, அடிச்சது தெரியணும். நம்பர் பெரிய ஆளுங்களுக்குப் பிடிக்குதான்னு பாக்காதே. போகி அன்னிக்கு மட்டும் நிலத்துக் காத்து அடிக்கிற நேரத்துல குடுவையைத் திறந்துடாதே. தெருவுல டயர் கொளுத்துற பசங்க புகையைப் பிடிச்சு, இதான் உலகத்துக் காத்துன்னு அனுப்பி வச்சா நம்ம மானம் போயிடும்.

பொங்கலுக்கு நீ கட்டாயம் வீட்டுக்கு வரணும். அந்த வாரம் காத்து பிடிக்க ஆள் இல்லைன்னு சாக்கு சொல்லாதே. ஆள் வேணும்னா நான் போறேன், மூச்சை அடக்குறது எனக்கு ஒண்ணும் புதுசில்லை, உங்க பாட்டிகூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். பீடியை மட்டும் பஸ் ஸ்டாண்டுலயே அணைச்சுட்டுப் போயிடறேன்.